மரக்கடைக்காரியும் எங்கள் பிக்கப்பும்

எனக்கு வண்டி வாகனங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. எது கியர், எது பிரேக் என்று இன்றைக்குக் கேட்டாலும் முழிப்பேன். ஆனால் பிக்கப் வண்டியின் அடிப்பலகைக்கு எந்த மரம் ஆகும், எது ஆகாது என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். அத்தனையும் வயிற்றெரிச்சலில் கற்றுக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மரக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணின்மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல்.

எங்கள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் டிரைவராக இருந்து, எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தவர். வந்த கையோடு ஏலத்தில் ஒரு பழைய பிக்கப்பை எடுத்தார். எங்கள் பக்கத்து ஊர்களில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற வெள்ளை பேண்டேஜ் துணியைத் தறியில் நெய்கிறார்கள். அந்தத் துணிப் பொதிகளை ஊர் ஊராகப் போய் எடுத்துவந்து குடோனில் சேர்ப்பதுதான் வண்டிக்கு நிரந்தர வேலை. மாம்பழக் காலத்தில் வத்திராயிருப்புக்குப் போய்க் கூடை ஏற்றுவார். எப்போதாவது ஆலங்குளத்திலிருந்து சிமெண்டு வரும். மாம்பழமோ சிமெண்டோ ஏற்றி இறக்கிவிட்டால், மறுநாள் வெள்ளைத் துணி ஏற வேண்டுமே என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பின்பாடியைக் கழுவுவார். கழுவிக் கழுவியே அடிப்பலகை உளுத்துப்போனது.

அவர் பேசுகிற ஆளில்லை. பட்டாளத்தில் பேச்சையும் ரேஷனில்தான் கொடுத்திருப்பார்கள் போல. குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து எந்த விஷயத்துக்கும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. ஏலத்தில் வண்டி எடுத்த விஷயமே, வண்டி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். அது அவர் குணம் என்று விட்டுவிட்டேன். யாரிடமும் எதையும் கேட்காத மனுஷன், என்னிடமும் கேட்கவில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை, வேறொருத்தியிடம் கேட்கிறார் என்று தெரிகிறவரைக்கும்.

ஒரு நாள் மாம்பழக் கூடையை இறக்கும்போது பலகை முறிந்து அவர் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது கெண்டைக்காலில் தோல் வழன்றிருந்தது. ஊசி போட்டுக்கொண்டு, மருந்து கட்டிக்கொண்டு வந்தார். ஊருக்கெல்லாம் பேண்டேஜ் சுமக்கிற வண்டி கடைசியில் தன் சொந்தக்காரருக்கே ஒரு கட்டுப் போட வைத்துவிட்டதே என்று நான்கூடச் சிரித்தேன். மறுநாள் காலையில், "ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயி மரம் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். ராஜபாளையத்தில் இல்லாத மரக்கடையா என்று கேட்க நினைத்தேன்.

அன்று சாயங்காலம் திரும்பி வந்த மனிதர் வேறு ஆளாக இருந்தார். சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்தார். தேக்கு போட்டால் நன்றாக இருக்கும், ஆனால் இந்த வண்டிக்கு அது அதிகம். வேம்பு பூச்சி அரிக்காது, ஆனால் வெயிலில் வெடிக்கும். வேங்கை இரும்பு மாதிரி உழைக்கும், ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கும், வெள்ளைத் துணி ஏற்றுகிற வண்டிக்கு அது கூடவே கூடாது. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு பேசியதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும், "அப்படின்னு அவிய சொன்னாவ" என்று முடித்தார். அவிய அவிய என்று அவர் மரியாதையாகச் சொல்லச் சொல்ல, முறுக்கு மீசையும் பெரிய தொந்தியுமாக ஒரு மரக்கடை முதலாளியை நானே மனதுக்குள் உட்காரவைத்து மரியாதை செய்துகொண்டிருந்தேன்.

சோறு போடும்போது, மரக்கடைக்காரருக்கு எந்த ஊர் என்று விசாரித்தேன். அவர் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே, "கடை அவிய வீட்டுக்காரரோடது. அவரு செத்த பொறவு அவியதான் பாக்காவ" என்றார். மீசையும் தொந்தியும் அந்த இடத்திலேயே காணாமல் போய்விட்டன. எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. அவர் இரண்டாம் முறை மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த முறை போனபோது மரத்துண்டுகளோடு வந்தார். உள்ளங்கை அகலத்தில் மூன்று துண்டு, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஏதோ நகைக்கடையிலிருந்து வருகிறவர் மாதிரி கொண்டுவந்தார். எனக்கு அவர் செய்தித்தாளில் சுற்றி எதையும் வாங்கி வந்ததில்லை, வெங்காய வடையைத் தவிர. என் சமையல்கட்டுக்குள் வந்து, கேட்காமலே மூன்று கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் போட்டு ஜன்னலில் வரிசையாக வைத்தார். காலையில் பார்த்தால் வேங்கை கிடந்த கிண்ணத்தில் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. மஞ்சக்கடம்பு மரத்துண்டு கிடந்த தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "பாத்தியா? அவிய சொன்னது சரியாப் போச்சு" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் வைத்த குழம்புக்கோ, வளர்த்த பிள்ளைகளுக்கோ, கட்டிய சேலைக்கோ அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. மூன்று கிண்ணத்தையும் எடுத்து வாசலில் கொட்டினேன். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தேன்.

மஞ்சக்கடம்பு என்று அவர்களுக்குள் முடிவாகிவிட்டது. சிராய் எழும்பாது, துணி மாட்டாது, சாயம் விடாது. முன்பணம் கொடுக்கப் போகிறேன் என்றபோது நானும் வருகிறேன் என்றேன். கோவிலுக்குப் போய் ரொம்ப நாளாகிறது என்று சொன்னேன். நான் ஆண்டாளைப் பார்க்கப் போகவில்லை என்பது அந்த ஆண்டாளுக்கே தெரிந்திருக்கும்.

கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அரக்குச் சேலை, கழுத்தில் இருந்ததெல்லாம், தலைநிறையப் பூ. வெயில் காலத்தில் பட்டு எதற்கு என்று அவர் கேட்டார். கோவிலுக்கு என்றேன்.

மரக்கடையில் போய் இறங்கியதும் எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. அழகி என்று நினைத்து வந்திருந்தேன். அங்கே நாற்பது தாண்டிய ஒரு பெண், சாயம் போன நூல்சேலையில், தலைமுடியெல்லாம் மரத்தூளோடு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நின்றார். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் காம்பு ஒடிந்து நூல் கட்டியிருந்தது. அழகாக இருந்திருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அழகுக்கு மயங்குகிற ஆம்பிளைகளை எனக்குத் தெரியும், நாலு நாளில் தெளிந்துவிடுவார்கள். இவளிடம் மயங்க ஒன்றுமே இல்லையே, பின்னே இவர் எதில் போய் விழுந்தார் என்றுதான் எனக்குக் கலவரமானது.

எதில் விழுந்தார் என்பதும் செத்த நேரத்தில் தெரிந்தது. அந்த அம்மாள் கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை நடை? பொதியைத் தூக்கி வைப்பார்களா, இழுத்துத் தள்ளுவார்களா? ராத்திரி வண்டி வெளியில் நிற்குமா, கொட்டகையிலா? கேட்டுவிட்டு, பதில் வருகிறவரைக்கும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார். எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்து, பெரிய ஆபீசர் முன்னால் நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னார். அவரிடம் அந்த மாதிரி யாரும் எதையும் கேட்டதில்லை. நான் கேட்டதெல்லாம் அரிசி வாங்கியாச்சா, பீஸ் கட்டியாச்சா என்பதுதான். இப்போது சொல்கிறேனே தவிர, அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்குத் தோன்றியது, அந்தக் காதுப் பென்சிலைப் பிடுங்கி ஒடிக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

அந்த அம்மாள் என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி, பக்கத்துக் கடையிலிருந்து பால்கோவா வரவழைத்துக் கையில் கொடுத்தார். அழுகிற பிள்ளையைச் சமாளிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்துப் பால்கோவாவைத் தொடாமல் வைத்தது என் வாழ்க்கையிலேயே அன்று ஒரு நாள்தான். அதையும் எங்கள் வீட்டுக்காரர் எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். அந்த அம்மாள் பலகையை உள்ளங்கையால் நீளவாக்கில் தடவிக் காட்டினார். இவரும் அதே இடத்தில் தடவிப் பார்த்தார். கோவிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். முன்பணம் கொடுக்காமலே கிளம்பும்படி ஆயிற்று.

திரும்பி வரும் வழியில் என் கட்சியை ஆரம்பித்தேன். மரமா, இரும்பா? மரம் என்றால் மழை, கறையான், உளுப்பு, மறுபடியும் கால் உள்ளே போகும். இரும்பு என்றால் ஆயுசுக்கும் கவலையில்லை. என் தம்பி ராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், பூப்போட்ட இரும்புத் தகட்டை அடித்துக்கொடுத்தால் வண்டி இருக்கிற காலம்வரைக்கும் இருக்கும். சொந்த மச்சினன் இருக்கும்போது எவளோ ஒருத்தியிடம் எதற்குப் போய் நிற்க வேண்டும்? எவளோ ஒருத்தி என்று நான் சொன்னபோது அவர் கியரை மாற்றினார்.

நான் விடுகிறவளா? அந்த வாரம் முழுக்க இரும்பு இரும்பு என்று வீட்டில் வேறு பேச்சில்லை. காப்பி கொடுக்கும்போது இரும்பு, படுக்கை விரிக்கும்போது இரும்பு. தம்பியையும் வரவழைத்து, அக்காவுக்காகப் பேசடா என்று உட்காரவைத்தேன். அவன், "மச்சான், ஒரே நாள்ல அடிச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனான். கடைசியில் எங்கள் வீட்டுக்காரர், "அவிய மரத்தை எடுத்து வச்சிருப்பாவளே" என்று மெல்ல இழுத்தார். அவ்வளவுதான், நான் அழுதுவிட்டேன். பொய் அழுகையில்லை, நிஜமான அழுகை. மரம் எடுத்து வைத்திருப்பாளே என்று அவளுக்காகக் கவலைப்படுகிற மனுஷன், எனக்காக எதை எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்ததும் அடக்க முடியவில்லை. அவர் பயந்துபோய், "சரி ஏட்டி, ஒன் இஷ்டம்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். தம்பி சொன்னபடி ஒரே நாளில் பழைய பலகையைப் பெயர்த்துப்போட்டு, பூப்போட்ட தகட்டை அடித்துக் கொடுத்தான். வண்டி பளபளவென்று வந்து நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றச் சொன்னேன், தேங்காய் உடைத்தேன். அந்த மூன்று மரத்துண்டும் அவர் அலமாரியில், துவைத்த பனியனுக்கு அடியில் இருந்தன. எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். அந்த வெந்நீரில்தான் அவர் அன்றைக்குக் குளித்தார்.

துணிப் பொதி ஏற்றுகிறவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வண்டிமேல் செருப்புக் காலோடு ஏற மாட்டார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை. புண்மேல் சுற்றுகிற துணி, அதன் பக்கத்தில் செருப்பு போகக்கூடாது என்று தாங்களாகவே கீழே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவார்கள். வண்டிக்குப் பக்கத்தில் செருப்புகள் சோடி சோடியாகக் கிடப்பதைப் பார்த்தால் உள்ளே ஏதோ விசேஷம் என்று தோன்றும். எனக்கு அது தெரியும், அவருக்குத் தெரியும், என் தம்பிக்கும் தெரியும். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் இரும்பு இரும்பு என்று நான் கத்திக்கொண்டிருந்த அந்த வாரத்தில் எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

சித்திரை வெயில். தறிக்காரர் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. முதல் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான், ஏறின வேகத்திலேயே கீழே குதித்தான். அடுத்தவன் சிரித்துக்கொண்டே ஏறினான், அவனும் குதித்தான். தண்ணீர் ஊற்றினார்கள், தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சத்தம் வந்தது. ஈரம் காய்வதற்குள் பொதியை ஏற்றிவிட்டார்கள். குடோனில் இறக்கிப் பார்த்தால் பொதியின் அடிப்பக்கமெல்லாம் மஞ்சளாகத் துருக்கறை. ஆஸ்பத்திரித் துணியில் கறை என்றால் யார் வாங்குவார்கள்? திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நாள் சாக்கு விரித்தார்கள். காலுக்குச் சுகமாக இருந்தது, ஆனால் சணல் தும்பெல்லாம் வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொண்டது. அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது யோசனை என்னுடையது. என் பழைய நூல்சேலைகளை மடித்து மடித்து விரித்துக் கொடுத்தேன். அப்போதாவது கொஞ்சம் ஓடியது. ஆனால் பொதியை இழுக்கும்போதெல்லாம் சேலை சுருண்டு சுருண்டு வந்தது, ஏற்றுகிறவன் கால் சிக்கி விழப்பார்த்தான். நான் கட்டிய சேலையை ஊர் ஆம்பிளைகள் காலில் மிதிக்கிறார்களே என்று எனக்கு வேறு மனது பொறுக்கவில்லை. இனி வெயில் தாழ்ந்த பிறகு வண்டியைக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று குடோனிலிருந்து சொல்லிவிட்டார்கள். வெயில் தாழ்கிறவரைக்கும் எந்தத் தறிக்காரர் காத்திருப்பார்? ஒவ்வொருவராக வேறு வண்டிக்குப் போக ஆரம்பித்தார்கள்.

தம்பியிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவன் கண்ணில் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "என்ன லோடுன்னு நீங்க சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்லக்கா" என்றான். அது என்னைச் சுட்டது. கேட்டவள் அந்த மரக்கடைக்காரி ஒருத்திதான். அவள் வாயை நினைத்தாலே எனக்கு எரிந்தது.

எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் மத்தியான நேரத்தில் வேலையில்லாமல் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தார். தம்பி அடித்தது நல்ல வேலைதான், தகடு கொஞ்சம்கூட ஆடவில்லை என்று என்னிடம் சொன்னார். பேச்சு பழையபடி ரேஷனுக்குப் போய்விட்டது.

மறுபடி மரக்கடைக்குப் போங்கள் என்று நான்தான் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "மரம் வேணும்னு சொல்லிட்டு வந்தேன். பொறவு எட்டிக்கூடப் பாக்கல. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவிய முன்னால போயி நிக்க?" என்றார். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் என் முன்னால் நிற்க அவர் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. வாங்கி வருகிறேன் என்ற சாமானை மறந்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றிருக்கிறார், பண்டிகைக்கு வராமல் பட்டாளத்திலிருந்து தந்தியோடு நிறுத்தியிருக்கிறார், ஒரு நாளும் மூஞ்சியைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அவளுக்கு மட்டும் காட்டுவதற்கு ஒரு தனி மூஞ்சி வைத்திருந்தாரா? ஆனால் வண்டி நின்றுபோனால் வீடு நின்றுபோகும். விடிகாலையில் எழுந்து, கொடிக்கயிற்றை அவிழ்த்து வண்டியின் நீள அகலத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பஸ் ஏறினேன். இந்த முறை பட்டு கட்டவில்லை.

கடையில் எனக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டிக்காரர் நின்றிருந்தார். அந்த அம்மாள் அவரிடம், "என்ன ஏத்துவீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. மரத்தைப் பொறவு பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை நடை? தூக்கி வைப்பார்களா, தள்ளுவார்களா? வெளியில் நிற்குமா, கொட்டகையிலா? கேட்டுவிட்டு அதே பொறுமையோடு அவர் முகத்தைப் பார்த்தார். மாட்டுவண்டிக்காரரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார். நான் மரக்குவியலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கென்று அவள் தனியாக எதையும் கேட்டிருக்கவில்லை.

என் முறை வந்தது. கயிற்றைக் கொடுத்து, இரும்புத் தகடு அடித்த பிக்கப்புக்கு மஞ்சக்கடம்பு வேண்டும் என்றேன். துணி ஏற்றுகிற வண்டியா என்று கேட்டு, இரும்புமேலேயே பலகையைப் போட்டு போல்ட் முடுக்கிக்கொள்ளலாம், இரும்பு கிடந்தாலும் நல்லதுதான், கனம் தாங்கும் என்றார். நான் வந்த காரியம் அதோடு முடிந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு வந்து இதே மரத்தைத்தான் பாத்துட்டுப் போனாரு" என்றேன்.

அந்த அம்மாள் கயிற்றில் முடிச்சைப் பிடித்தபடி, "யாரும்மா?" என்றார்.

பட்டாளத்துக்காரர், உயரமாக இருப்பார், பழைய பிக்கப், காலில் கட்டுப் போட்டிருந்தார், மூன்று மரத்துண்டு வாங்கிக்கொண்டு போனார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கூடப் பார்த்தார். பிறகு, "ஞாபகமில்லையேம்மா. எம்புட்டோ பேரு வாராங்க, போறாங்க" என்றார். நானும் கூட வந்திருந்தேன், பால்கோவா கொடுத்தீர்கள் என்றேன். வருகிற பெண்கள் எல்லோருக்கும் கொடுப்பதுதானே என்று சிரித்தார். எடுத்து வைத்த மரம் என்று எதுவும் இல்லை. அது எப்போதோ வேறு யாருக்கோ போய்விட்டது.

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். மலையேறி அய்யனார் கோவில் அருவியில் நின்ற மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது கோபம். என்ன பெண் இவள்? ஆறடி உயரத்தில், கஞ்சி போட்ட சட்டையில், ஒரு மனுஷன் வந்து உன் முன்னால் நின்று, நீ கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். நீ கொடுத்த மரத்துண்டைப் பனியனுக்கு அடியில் வைத்திருந்தார். உனக்கு அவர் முகம்கூட ஞாபகமில்லையா? அப்படி என்ன என் வீட்டுக்காரர் மறந்துபோகிற ஆளா? மாட்டுவண்டிக்காரரும் அவரும் உனக்கு ஒன்றா? அவள் என் புருஷனை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு கோடை முழுக்கச் செத்தேன். அவள் நினைக்கவே இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே சண்டை பிடிக்கப் பார்த்தேன். விலையில் கொஞ்சம் குறையுங்கள் என்று கறாராகப் பேசித்தான் அந்தக் கோபத்தைத் தணித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தச் செய்தி என் மடியில் கிடந்தது. வீட்டுக்குப் போனதும் போட்டு உடைக்கலாம். ஒரே வார்த்தை போதும்: யார் என்றே தெரியவில்லையாம். அதற்கப்புறம் அவிய என்ற சொல் என் வீட்டில் கேட்காது. ஊர் வருகிறவரைக்கும் அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்லலாம் என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் வாசலில் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பலகை நாளைக்கு வருகிறது என்றேன். இரும்புமேலேயே போடலாமாம் என்றேன். நல்ல யோசனை என்றார். என்ன விலை என்று கேட்டார், சொன்னேன். அகலம் சரியாக வருமா என்று கேட்டார், வரும் என்றேன். கேட்பதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை. ஆனாலும் துணியை மடித்தார், பிரித்தார், சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். கழுத்தும் காதும் சிவந்திருந்தன. சித்திரை வெயிலில் சிவந்தது என்று சொல்ல முடியாது, பொழுது சாய்ந்திருந்தது. என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அவிய... என்னையப் பத்தி எதுவும் கேட்டாவளா?"

வாயில் தயாராக வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முதுகைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் தனக்கென்று ஆசைப்பட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அது எனக்கான கேள்வி இல்லை என்பது எனக்கு வலித்தது. அதை உடைக்கவும் எனக்கு மனது வரவில்லை. அதற்காக அள்ளிக் கொடுத்துவிடவும் நான் தயாராக இல்லை.

"கேட்டாவ," என்றேன். "அண்ணன் நல்லா இருக்காரான்னு கேட்டாவ."

கை நின்றது. "அண்ணனா?" என்றார்.

"ஆமா. அண்ணன்னுதான் சொன்னாவ" என்று சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே போனேன்.